சராசரி என்றொரு மீன்

"சுறாவைத் தனியாச் சொல்லுங்கோ, சேர்."

மீனவர் சங்கக் கட்டடத்தின் பின்வரிசையில் நின்றபடி இதைக் கேட்டேன். கேட்கக்கூடாது என்று எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. வான் வண்டியில் வரும்போது எங்கள் ஆய்வுகூடத்துச் சேர், கலாநிதி சிவரூபன், முன் இருக்கையில் இருந்து திரும்பிச் சொன்னார்: "வேற என்ன வேணுமெண்டாலும் கேளும், டிலூஷா. இனம் இனமாப் பிரிச்சுச் சொல்லச் சொல்லி மட்டும் சனத்துக்கு முன்னால கேட்டிடாதேயும். அது எங்கட அறைக்குள்ள இருக்கட்டும்." நான் தலையாட்டியிருந்தேன்.

சுவரில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு மீனின் படம் விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'பாதரசத்தின் சராசரி அளவு: பாதுகாப்பான எல்லைக்குள்.' அந்தச் சராசரியை எப்படி எடுத்தோம் என்று எனக்குத் தெரியும். நிலாவெளியிலிருந்து இலங்கைத்துறை வரைக்கும் கரை கரையாகப் போய் மீன் வாங்கியவள் நான். சதையை வெட்டி, உலர்த்தி, பொடியாக்கி, மெஷினுக்குள் வைத்தவளும் நான்தான். சாளை, சூடை, கும்பளா, பாரை எல்லாவற்றிலும் பாதரசம் இருந்தும் இல்லாத மாதிரி. பெரிய சுறாவில் மட்டும் எல்லையைத் தாண்டி, இரண்டு மடங்குக்குக் கிட்ட. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் சுறா காணாமல் போய்விடும். அப்பா மூன்று நேரமும் சாப்பிட்டு அம்மா ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டால், வீட்டில் ஆளுக்குச் சராசரியாக இரண்டு நேரச் சாப்பாடு. அதைச் சொல்லி அம்மாவின் பசியை ஆற்ற முடியுமா?

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. ஆனா அது விஞ்ஞான ரீதியா ஆறுதலா இருந்து கதைக்க வேண்டிய விசயம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஒரு தாய் குழந்தைக்கு மீனும் சோறும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கத் தலைவர் தம்பிராசா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில், அதே ஒழுங்கையில் இருப்பவர். "என்ன பிள்ளை, கொப்பற்ற கடையைப் பூட்டாமல் விடமாட்டாய் போல கிடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். "கம்பசுக்குப் போனா இப்பிடித்தான் அண்ணை. முதல் அப்பன்ர மடியிலதான் கை வைப்பினம்" என்றது இன்னொரு குரல்.

மூன்றாம் வரிசையில் இருந்த அப்பா சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய கழுத்தின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது. என் அப்பாவின் பெயர் இக்னேசியஸ். கரையில் கேட்டால் 'சுறா இக்னேசி' என்றால்தான் காட்டுவார்கள். பலநாள் படகுகளில் வரும் பெரிய சுறாக்களை எடுத்து, வெட்டி, பச்சையாக விற்று, மிச்சத்தைக் கருவாடு போடுவது அவருடைய தொழில். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறியிருக்கிறாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் சுறா வாங்கித் தந்த பட்டம்தான்.

எனக்குப் பட்டத்தைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ அந்த நேரம் நினைவில்லை. எனக்கு அக்காவின் சாப்பாட்டுக் கோப்பைதான் நினைவில் இருந்தது.

*

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருந்தால், வலையில் வரும் சுறாக்குட்டி தராசுக்குப் போகாது. நேரே அவள் வீட்டுக்குப் போகும். அதற்குப் பால்சுறா என்று பெயர். தாய்க்குப் பால் சுரக்க அதைப்போல வேறொன்றும் இல்லை என்பார்கள். யார் கொண்டுவந்தாலும் காசு கேட்பதில்லை. இந்து வீடா, வேதக்கார வீடா, முஸ்லிம் வீடா என்றும் பார்ப்பதில்லை. சண்டை பிடித்துப் பேசாமல் இருப்பவர்கள்கூடக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது பிள்ளைக்கு வந்த வாழ்த்தைத் திருப்பி அனுப்புவது மாதிரி.

முன்பு அது ஒரு முழக் குட்டி. இப்போது குட்டிகள் வலையில் விழுவது குறைவு. அதனால் பலநாள் படகில் வரும் பெரிய சுறாவின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறார்கள். ஆள் உயர மிருகம். ஆனால் பெயர் மட்டும் இன்னும் பால்சுறாதான். பெயர் மாறாததால், உள்ளே இருப்பது மாறிவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் அக்கா நிரோஷினி கலியாணம் முடித்துக் கனகாலம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். அத்தான் கட்டாரில். எத்தனையோ நேர்த்திக்குப் பிறகு, போன மாதம் ஒரு பெண்பிள்ளை. முழு ஒழுங்கையும் எங்கள் வீட்டில்தான். அப்பா சுறாக்காரர், பேத்தி பிறந்திருக்கிறாள், கேட்கவா வேண்டும்? அக்கா பகலும் இரவும் சுறா வறை சாப்பிட்டாள்.

கூட்டம் முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அப்பா எனக்கு முன்பே வந்து முன்வாசல் கதிரையில் இருந்தார். சங்கத்துக்குப் போட்டுப்போன சேட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சங்கத்தில என்னை நிமிர விடாமல் செய்துபோட்டாய்."

"நான் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல அப்பா. சுறாவைப் பற்றித்தான் கேட்டனான்."

"சுறாவும் நானும் வேறயோ?"

உள்ளே போனேன்.

குசினியில் அம்மா வறைக்கு மீன் பிழிந்துகொண்டிருந்தார். அம்மாவின் பெயர் கிறேஸ். சுறா வறையில் எங்கள் கரையில் அவரை அடிக்க ஆளில்லை. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, சதையை உதிர்த்து, இரண்டு கையாலும் உருட்டி ஒரு சொட்டும் இல்லாமல் பிழிவார். பிறகு தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், கனக்க உள்ளி.

"அம்மா, போன கிழமையே உங்களுக்குச் சொன்னனான். அக்காவுக்கு இதைக் குடுக்காதேங்கோ."

"நீ சொன்னது விளங்கினது. அதுக்குத்தானே இரண்டு தரம் அவிச்சுப் பிழியிறன்." பிழிந்த தண்ணீர் கிடந்த சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உன்ர பாதரசம் எல்லாம் இதுக்குள்ள. ஊத்திவிட்டாச் சரி."

"அது தண்ணியில போற சாமானில்லை அம்மா. சதையோட ஒட்டிக்கிடக்கிறது."

"உன்னைப் பெத்தபோது நானும் திண்டனான். உனக்கு என்ன குறைஞ்சது? வாய்தான் கூடிப்போச்சு."

"நீங்க திண்டது முழநீளக் குட்டி. இது எவ்வளவு பெரிசு? எத்தனை வருசம் கடலில சீவிச்சிருக்கும்? சின்ன மீனில ஒரு துளி. அதைத் தின்னுற மீனில அதைவிடக் கூட. அந்த மீனையெல்லாம் திண்டு திண்டு வளருறது சுறா. உள்ள போனது லேசில வெளியில வராது. அவ்வளவு வருசத்தின்ர சாப்பாடும் அந்தச் சதைக்குள்ள கிடக்கு. அதை அக்காவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு நேரம் குடுக்கிறியள்."

அப்பா வாசலுக்கு வந்து நின்றார். "ஆர் ஊத்தினது? எந்தக் கொம்பனி?"

"இஞ்ச ஒருத்தரும் ஊத்தேல்ல அப்பா. எங்கையெங்கையோ எரிச்ச நிலக்கரி, தோண்டின தங்கம், வெடிச்ச எரிமலை. காத்தில வந்து கடலில விழுந்தது. உலகம் முழுக்க இருக்கு."

"அப்ப நீ ஆரோட சண்டை பிடிக்கிறாய்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு எதிரியின் பெயர் என்னிடம் இருந்திருந்தால் அப்பாவும் என்னோடு சேர்ந்து சத்தம் போட்டிருப்பார். ஊரே வந்திருக்கும். பெயர் இல்லாததால் நான்தான் எதிரி.

அறைக்குள் அக்கா கட்டிலில் சாய்ந்து இருந்தாள். பிள்ளை மடியில். நாங்கள் கதைத்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டிதான். நான் உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"டிலூ, அது பாலில போகுமே?"

"கொஞ்சம் போகும்."

அவளுடைய கை பிள்ளையின் தலையில் அப்படியே நின்றது.

"அதுக்காகப் பால் குடுக்கிறதை நிப்பாட்டாதை" என்று அவசரமாகச் சொன்னேன். "பால்தான் பிள்ளைக்கு எல்லாத்தையும் விட நல்லது. சுறாவை நிப்பாட்டு. சாளை சாப்பிடு, சூடை சாப்பிடு, கும்பளா சாப்பிடு. அது நல்லது. உண்மையா நல்லது. உடம்பில இருக்கிறது மெல்ல மெல்லக் குறையும்."

"வயித்துக்குள்ள இருக்கேக்கையும் திண்டனான்." அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஏழாம் மாசத்தில இருந்து அம்மா தந்தவா. அது?"

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் அது இன்னும் கூடாது. மூளை வளரும் காலம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்திருக்கிறதா, ஒன்றுமே நடக்கவில்லையா என்று உலகத்தில் எந்த மெஷினும் சொல்லாது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாது அக்கா. நிறையப் பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கிறேல்ல. இனித் தின்னாமல் விடுறதுதான் எங்கட கையில இருக்கு."

பிள்ளை சப்புக்கொட்டியது. பிறகு அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அம்மா பிழியிறாவே, அதைச் சோதிச்சுப் பாத்தனீங்களே?"

"இல்லை. பச்சை மீனைத்தான் பாத்தனாங்கள்."

"இஞ்ச ஆர் பச்சையாத் தின்னுறது?"

ஒரு வருஷம் கரை கரையாக அலைந்திருக்கிறோம். இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. குசினிக்குப் போய் அம்மாவின் வறையில் ஒரு பிடி, பிழிந்த தண்ணீரில் ஒரு போத்தல், அவிக்காமல் மிச்சமிருந்த துண்டில் ஒரு கீறு, மூன்றையும் எடுத்தேன்.

"என்ன, வேலைக்குச் சாப்பாடு கட்டுறியோ?" என்றார் அம்மா.

"ஓம். மெஷினுக்கு."

*

மறுநாள் காலை பஸ்நிலையத்தில், எங்கள் ஊரில் தெருமாடு போலத் திரியும் மான்களில் இரண்டு வாழைப்பழத் தோலுக்காக ஒரு கடை வாசலில் நின்றன. கடைக்காரர் அவற்றைத் துரத்தவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். உள்ளி வாசம் பஸ் முழுக்க.

மூன்றையும் உலர்த்தாமல் அப்படியே மெஷினில் வைத்தேன். அம்மா நினைத்ததற்கு நேர்மாறாக வந்தது. பிழிந்த தண்ணீரில் பாதரசம் ஏறக்குறைய இல்லை. வறையில் பச்சை மீனை விடக் கூட. தண்ணீர் போய்விட்டது, மீன் சுருங்கிவிட்டது, பாதரசம் போகவில்லை. அதனால் ஒரு வாய் வறையில் ஒரு வாய் பச்சை மீனில் இருப்பதை விட அதிகம். அம்மா இரண்டு கையாலும் பிழிந்து பிழிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன். அதேதான்.

சேரின் அறைக்குப் போனேன். அவர் ஜன்னலருகே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே துறைமுகத்தில் மாவு ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. விசயத்தைச் சொன்னேன்.

"நீர் சமைச்ச கறியையா மெஷினுக்குள்ள வைச்சனீர்?"

"ஓம் சேர். சனம் சமைச்சுத்தானே சாப்பிடுது."

அவர் வந்து கதிரையில் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. முடிவுகளை ஆறுதலாகப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான ஆர்வம் தெரிந்தது. அவர் கெட்ட மனுசன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நல்ல வேலை. இதை வைச்சு ஒரு கட்டுரை எழுதலாம். உம்மட பெயரை முதல்ல போடுவம். அடுத்த வருசம் வரும்."

"சேர், வியாழக்கிழமை தாய்மார் கிளினிக்கில நீங்கள் கதைக்கப் போறியள். அதில சொல்லுவமே? பெரிய சுறா வேண்டாம், வயித்தில பிள்ளை இருக்கிறவை, பால் குடுக்கிறவை, சின்னப் பிள்ளையள் சாப்பிட வேண்டாம், மற்ற மீனைச் சாப்பிடுங்கோ எண்டு. இரண்டு நிமிசக் கதை."

"கொழும்புப் பக்கம் கப்பல் எரிஞ்ச வருசம் உமக்கு ஞாபகம் இருக்கோ?"

இருக்கிறது. இரசாயனம் ஏற்றிய கப்பல் எரிந்தது அங்கே. இங்கே எங்கள் கரையில் ஒருவரும் ஒரு கீரிமீனைக்கூடத் தொடவில்லை. வாங்க ஆளில்லாமல் மீனை மணலில் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். அப்பா கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நாங்கள் பருப்பும் சோயாவும் சாப்பிட்டோம்.

"பாதரசம் எண்ட ஒரு சொல்லே காணும், சனம் பயப்பிட" என்றார் சேர். "நீர் சுறா எண்டு சொல்லுவீர். அவையின்ர காதில மீன் எண்டுதான் விழும். சாளையையும் விட்டிடுவினம். பிறகு அந்தப் பிள்ளையளுக்குப் புரதம் எங்க? இரத்தச்சோகைக்கு ஆர் பொறுப்பு? நீர் ஒரு தீமையைத் தடுக்கப்போய் பத்தைக் கொண்டுவருவீர். சராசரியாப் பாத்தா இந்தக் கடலின்ர மீன் நல்ல மீன். அதைச் சொல்லுறது பொய்யில்லை."

அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு என்னிடம் மறுமொழி இருந்தது.

"சேர், அவை மடையர் எண்டு நினைக்கிறியள். என்ர அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாத்தே என்ன மீன் எண்டு சொல்லுவா. கும்பளா எண்டு சொல்லிப் பாரையை ஒருத்தரும் அவாவின்ர தலையில கட்ட ஏலாது. சுறா எண்டா சுறா எண்டுதான் விளங்கும். நாங்கள்தான் எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டிக் கலக்கிப்போட்டு, சனத்துக்குப் பிரிச்சறியத் தெரியாது எண்டு சொல்லுறம். சராசரி எண்டு ஒரு மீன் கடலில இல்லை, சேர். ஒருத்தரும் அதைப் பிடிக்கிறதும் இல்லை, தின்னுறதும் இல்லை."

அவர் கோப்பையை வைத்தார். சத்தம் உயரவில்லை.

"மாச முடிவில உம்மட ஒப்பந்தம் புதுப்பிக்க வேணும். நான்தான் கையெழுத்து வைக்கிறது. இதை வெருட்டல் எண்டு எடுக்காதேயும். சங்கத்தில நீர் செய்தது மேலிடம் வரைக்கும் போயிட்டுது. வியாழக்கிழமை நீர் வாரும், படம் காட்டுற மெஷினைப் பிடியும், நான் கதைக்கிறன். அவ்வளவுதான்."

வெருட்டல் என்று எடுக்காவிட்டால் வேறு எப்படி எடுப்பது? நான் வெளியே வந்தேன்.

*

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். முற்றத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட தண்ணியில ஒண்டும் இல்லை அம்மா."

"ஒண்டும் இல்லையோ? பிறகென்ன, நல்லதுதானே."

"தண்ணியில போகேல்ல எண்டா எங்க நிக்கும்? வறைக்குள்ள. பச்சை மீனில இருந்ததை விடக் கூட."

"என்ர வறையிலயோ?"

"நீங்கள் செய்த வறைதான். நானே வைச்சுப் பாத்தனான். இரண்டு தரம்."

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். நான் இத்தனை நாளும் கத்தியதெல்லாம் புத்தகக் கதையாகத்தான் அவருக்கு இருந்திருக்கும். இது அவருடைய சட்டி, அவருடைய கை. பேசாமல் எழுந்து குசினிக்குள் போனார். பகல் செய்த வறை மூடிவைத்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சட்டியோடு கொல்லைக்குக் கொண்டுபோய்க் கிடங்கில் கொட்டி மண்ணைத் தள்ளினார். பூனைக்கும் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். ஹாண்டிலில் ஒரு பை.

"முனீப் நானா தந்துவிட்டவர். பேத்திக்கெண்டு. வயித்துத் துண்டு, நல்ல கொழுப்பு." முனீப் நானா இரண்டு பலநாள் படகுகளுக்குச் சொந்தக்காரர். அப்பாவுக்குச் சுறா தருபவரும் அவர்தான்.

அம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இனி அவளுக்கு இது வேண்டாம்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பையை மேசையில் வைத்தார்.

"நீயும் இவளோட சேந்திட்டியோ?"

"என்ர கையால பிழிஞ்சதை இவள் சோதிச்சிருக்கிறாள். தண்ணியோட போகேல்லையாம். எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு பிள்ளைதான், அதுவும் இவ்வளவு காலம் காத்திருந்து."

அறை வாசலில் அக்கா பிள்ளையோடு வந்து நின்றாள். "எனக்கும் வேண்டாம் அப்பா." அவள் அப்பாவுக்கு எதிராக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போது அழுதாள்.

அப்பா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். முழங்கையில் உப்புக் காய்ந்த வெள்ளை. கனநேரம் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த சண்டைக்குத் தயாராக நின்றேன். அது வரவில்லை.

"சரி" என்றார். "இந்த வீட்டில நிப்பாட்டுவம். அவளுக்குக் குடுக்க வேண்டாம்."

"அப்பா" என்று தொடங்கினேன்.

"பொறு. நான் முடிக்கேல்ல. வீட்டுக்குள்ள நீ சொன்னதைக் கேட்டாச்சு. வெளியில வாய் திறக்கக்கூடாது. சங்கத்திலயும் சரி, ஒழுங்கையிலயும் சரி, உன்ர கிளினிக்கிலயும் சரி. சுறா கூடாது எண்டு சுறா இக்னேசியின்ர வீட்டில இருந்து ஒரு சொல்லுப் போகக்கூடாது. நான் நாளைக்கும் கத்தி பிடிக்க வேணும்."

"எல்லாரும் நிப்பாட்டத் தேவையில்லை அப்பா. பெரிய ஆக்கள் எப்பவாவது சாப்பிடட்டும். பிள்ளைத்தாச்சியள், பால் குடுக்கிறவை, சின்னப் பிள்ளையள். இவ்வளவு பேருக்குத்தான்."

"ஒரு பொம்பிளை வாங்காட்டி வீட்டில ஆர் வாங்கிறது? கடைக்கு வாறது ஆர், ஆம்பிளையளோ?"

அதுவும் உண்மைதான். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "காணும் டிலூ. அப்பா ஒத்துக்கொண்டிட்டார்தானே, விடு" என்றாள். அவளுடைய குரலில் நிம்மதி தெரிந்தது.

நான் விட்டிருப்பேனோ என்னவோ. களைத்துப்போயிருந்தேன். அக்காவின் பிள்ளை தப்பிவிட்டது. நான் கேட்டது அதைத்தானே என்று ஒரு கணம் நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா மேசையில் கிடந்த பையை எடுத்து, அவிழ்ந்திருந்த வாயை முடிந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இதைத் தம்பிராசா அண்ணை வீட்டில குடுத்திட்டு வா. கீர்த்தனிக்கு."

கீர்த்தனி தம்பிராசாவின் மருமகள். அவர் மகன் திலக்சனின் மனைவி. அக்காவுக்குப் பிறகு, போன கிழமை அவளுக்கும் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நிறை குறைவு.

"அம்மா, இப்பதானே உங்கட வறையைக் கிடங்கில போட்டனீங்கள்."

"அது சமைச்சது. இது வந்த பால்சுறா. வீசக்கூடாது. எங்களுக்கு வேண்டாமெண்டா அடுத்த பிள்ளைப்பெத்த வீட்டுக்குப் போகவேணும். எப்பவும் அப்பிடித்தானே?" அம்மாவின் முகத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. "முனீப் நானா கேட்டா என்ன சொல்லுறது? அதோட கீர்த்தனிக்குப் பால் காணாதாம். அவளின்ர மாமி அன்னலட்சுமி அக்கா நேற்றுக் கிணத்தடியில வைச்சுச் சொல்லிக் கவலைப்பட்டவா. எங்கட வீட்டில இருந்து ஒண்டும் போகேல்ல எண்டு பிறகு ஒரு கதை வரும்."

"அக்காவுக்கு ஆகாதது கீர்த்தனிக்கு ஆகுமோ?"

அப்பா முற்றத்தைப் பார்த்தார்.

"அவை உன்னட்டக் கேட்டவையே?" என்றார். "கேக்காத ஆக்களுக்கு நாங்கள் ஏன் போய்ச் சொல்லவேணும்? நீ படிச்சது வீட்டுக்கு உதவினது. அது காணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளும் கீர்த்தனியும் கிளினிக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து முறைக்குக் காத்திருந்தவர்கள். வாந்திக்கு எலுமிச்சம்பழம் பரிமாறியவர்கள். அக்கா பிள்ளையின் சட்டையின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுத்திட்டு வா, டிலூ" என்றாள். "பிரச்சினையை வளர்க்காதை."

சேர் எல்லா மீனையும் கூட்டிப் பிரித்தார். இவர்கள் தங்கள் வீட்டை மட்டும் பிரித்தெடுத்தார்கள். எது கூடாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இரண்டிலும் கீர்த்தனியின் கோப்பையில் விழுவது ஒன்றுதான்.

பையை வாங்கினேன். கனமாக இருந்தது. அடியில் ஈரம் கசிந்து விரலில் பட்டது. அம்மாவின் முகம் தெளிந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். ஒரு சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

செருப்பை மாட்டினேன். தம்பிராசா அண்ணை இந்த நேரம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார். பையைக் கண்டதும் என்ன பகிடி விடுவார் என்றுகூட எனக்குத் தெரியும். சிரித்து முடியட்டும். பிறகு மேசையில் வைத்து அவிழ்த்துக் காட்டி, அவருக்கும் அன்னலட்சுமி அன்ரிக்கும் முன்னால் கீர்த்தனிக்கே சொல்லவேண்டும். பால் காணாவிட்டால் என்ன செய்வது என்று குடும்பநல மாது புஷ்பவதியிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வியாழக்கிழமை கிளினிக்கில் படம் காட்டும் மெஷினை வேறு யாராவது பிடிக்கட்டும். நான் தாய்மாரோடு வாங்கில் உட்கார்ந்திருப்பேன். சேர் கேள்வி உண்டா என்று கேட்பார். எப்போதும் கேட்பார்.

படலையடிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஏதோ பொறிதட்டியிருக்க வேண்டும். குசினி வாசலுக்கு ஓடிவந்தார்.

"டிலூ! அங்க போய் என்ன சொல்லப்போறாய்?"

"அக்காவுக்குச் சொன்னதை" என்றேன்.

அப்பா கதிரையிலிருந்து எழும்பும் சத்தம் கேட்டது. நான் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினேன்.